கிளிப்பச்சைக்கு மேல் சாம்பல்

கண்டிக்குக் கிட்டே இருக்கும் திகன ஊரில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடியது. அது நஸீமுடையது. நிறத்தைத் தேர்ந்தவள் அவன் மனைவி ஹபீலா. கண்டியில், ஏற்கனவே பாவித்த வாகனம் விற்கும் ஓரிடத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே அது மட்டும் கண்ணைப் பறித்தது.

"இந்தக் கலர யாரும் எடுக்க மாட்டாங்க புள்ள. அதான் இன்னம் நிக்கிது" என்று நஸீம் தயங்கினான்.

"நமக்காகத்தான் நிக்கிது. எங்க போனாலும் நம்மட கார் எண்டு தூரத்திலயே தெரியும்" என்றாள் ஹபீலா.

அவள் சொன்னபடியே ஆயிற்று. சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர்கள் நஸீமுக்கு 'கிரவா' என்று பட்டம் வைத்தார்கள். சிங்களத்தில் கிளி. நஸீமும் சிரித்துக்கொண்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவான்.

நஸீமுக்குக் கண்டியில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை. குழாய், சிங்க், குளியலறைச் சாமான்களுக்குக் கடை கடையாகப் போய் ஓடர் எடுக்க வேண்டும். தெல்தெனியப் பக்கமும் அதைத் தாண்டி மஹியங்கனைப் பக்கமும் அவனுக்குரியவை. மஹியங்கனைக்குப் போகும் நாட்களில் இரவு அங்கேயே தங்கிவிடுவான். ஹபீலா குண்டசாலையில் இரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் நிலையமொன்றில் வேலை செய்தாள். கார் ஒரு திசையில் போகும், அவள் பஸ்ஸில் மறுதிசையில் போவாள். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. ஒரே மகள் றிப்தா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீடு பெரிய சண்டை சச்சரவு இல்லாத வீடு. பேச்சும் பெரிதாக இல்லை. கல்யாணமாகி இவ்வளவு காலமான பிறகு எல்லா வீடும் இப்படித்தான் இருக்கும் என்று ஹபீலா எண்ணிக்கொள்வாள்.

நிலையத்தில் அவளோடு வேலை செய்யும் பிரேமிளா தெல்தெனியவிலிருந்து வருகிறவள். கல்யாணமாகாத பெண், வாய் ஓயாது. ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்:

"ஹபீலாக்கா, தெல்தெனியவில உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இல்லயே. ஏன்?"

"உங்க கிளிப்பச்சைக் காரு எங்க வீட்டுக்குப் பின்ரோட்டுல அடிக்கடி நிக்குதே. சில நாளு காலையில நான் பஸ்ஸுக்கு வர்றப்பவே நிக்கும். எங்க அக்காவோட காருன்னு அம்மாகிட்ட பெருமையா காட்டுவேன்."

ஹபீலா அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே இதை நஸீமிடம் சொன்னாள். சந்தேகப்பட்டல்ல. ஊர்ப் புதினம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நஸீம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மஹியங்கனை ரோட்டு வளைவுக்கு நம்மட கார் சரிவராது. தெல்தெனியவில ஒரு கூட்டாளிட வீட்டுக்கிட்ட விட்டுட்டு கம்பனி வேன்ல போற" என்றான். பிறகு, "அந்தப் புள்ளைக்கு வேற வேல இல்லயா?" என்றான்.

பேச்சு அதோடு முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து நஸீம் காரின் பின்னால் பெரிய டின்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். கம்ப்ரஸர் ஒன்றும் ஸ்ப்ரே கன் ஒன்றும் ஒரு கூட்டாளியிடம் இரவல் வாங்கியிருந்தான்.

"இந்தக் கிளிப்பச்சை எனக்கு வெறுத்துப் போச்சி. கடையில ஈக்கிற பொடியன்மாரெல்லாம் சிரிக்கிறாங்க. சாம்பல் அடிக்கப் போறேன்."

ஹபீலாவுக்கு முதலில் மனம் சுருங்கியது. அவள் ஆசைப்பட்டு எடுத்த நிறம். அதைக் காட்டிக்கொள்ளாமல், "கார்ப் புத்தகத்தில பச்சை எண்டுதானே பதிஞ்சீக்கி? பொலிஸ் மறிச்சா?" என்றாள்.

"இது பெயின்ட் இல்ல புள்ள, ரப்பர். அடிச்சுக் காஞ்சா பலூன் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேணாமெண்டா உரிச்சு எடுக்கலாம். உன்ட பச்சை உள்ளுக்கு அப்பிடியே ஈக்கும்."

உன்ட பச்சை என்று அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

வாகனத் தரிப்பில் மூன்று பக்கமும் தறப்பாள் கட்டினார்கள். தூசியும் இலையும் வந்து ஒட்டிவிடக்கூடாது. றிப்தா பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு போனில் வீடியோ பார்த்து வழி சொன்னாள். காரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மெழுகுப் பிசுக்குப் போகத் துடைத்தார்கள். கண்ணாடி, விளக்கு, இலக்கத்தகடு எல்லாவற்றுக்கும் பழைய பத்திரிகையும் டேப்பும் ஒட்டவேண்டும். நஸீம் ஒட்டிய டேப் எல்லாம் கோணல்.

"நீ வா. ஊசி போடுற கைதானே, நடுங்காது" என்று ஹபீலாவைக் கூப்பிட்டான்.

அவள் குந்தியிருந்து விளக்கின் வளைவுக்குச் சரியாக டேப்பை இழுத்து ஒட்டினாள். அவன் பக்கத்தில் நின்று பத்திரிகையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ காலமாகியிருந்தது.

முதல் பூச்சு பார்க்க அவலட்சணமாக இருந்தது. பச்சைக்கு மேல் புழுதி படிந்ததுபோல் திட்டுத்திட்டாகக் கிடந்தது. "பழுதாப் போச்சி" என்று நஸீம் தலையில் கைவைத்தான்.

"அப்பிடித்தான் வாப்பா வரும். மெல்லிசா அடிச்சு, காய விட்டு, திரும்ப அடிக்கணும். ஒரேயடியா அப்பினா வழியும்" என்றாள் றிப்தா.

காயக் காத்திருக்கும் நேரங்களில் படிக்கட்டில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். நஸீம் தன் முதல் மோட்டார்சைக்கிள் விக்டோரியா அணைக்குப் போகும் வழியில் நின்றுபோன கதையைச் சொன்னான். றிப்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "நானும் ஒருக்கா அடிச்சுப் பாக்கவா?" என்று ஹபீலா கேட்க, அவன் கன்னை அவள் கையில் கொடுத்தான். பின்கதவில் அவள் கிட்ட வைத்து அடித்ததில் பூச்சுத் திரண்டு, மூன்று நான்கு கோடாக வழிந்துவிட்டது. அவள் பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏசவில்லை.

"ஈக்கட்டும். இது ஹபீலாட கையெழுத்து."

றிப்தா அவர்கள் இருவரையும் காருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பிறகு தானும் வந்து ஒட்டிக்கொண்டு இன்னொரு படம் எடுத்தாள். அடுத்த நாளும் வேலை நடந்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, பின்னேரம் ஆகும்போது முழுதாக மறைந்துபோனது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுக்கவேண்டும், காய்ந்தால் ஓரம் கிழிந்துவிடும். அதையும் ஹபீலாதான் செய்தாள். அவள் விரல்களிலெல்லாம் சாம்பல் ரப்பர் ஒட்டிக் காய்ந்திருந்தது. நஸீம் அவள் கையைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக அந்தத் தோலை உரித்துவிட்டான். றிப்தா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

கதவைத் திறந்தால் மட்டும் உள் ஓரங்களில் பச்சை தெரிந்தது. அங்கேயும் அடிப்போமா என்று ஹபீலா கேட்டாள். "வேணாம். மூடினா யாருக்குத் தெரியப் போகுது" என்றான் நஸீம்.

காரை வெளியே எடுத்தபோது சந்தியில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கண்டி வீதியில் ஓடும் நூறு சாம்பல் கார்களில் அதுவும் ஒன்று. ஹபீலா ஒரு வாரம்வரை சந்தோஷமாக இருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுகூட அந்த இரண்டு நாட்களை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

பிரேமிளா அந்தக் காலத்தில் வேலைக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்கு ஒப்பரேஷன், லீவு போட்டிருந்தாள். திரும்பி வந்த அன்று, அம்மாவின் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணன் ரூட்டு மாறிட்டாங்களாக்கா? உங்க கிளிப்பச்சைக் காரு இப்ப நிக்கிறதே இல்ல. அந்த எடத்துல இப்ப வேற யாரோ ஒரு சாம்பல் காருதான் வந்து நிக்குது."

ஹபீலா அப்போது ஒரு முதியவரின் கையில் நரம்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். ஊசி தப்பியது. அவர் "ஆ" என்று கையை இழுத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மற்றக் கையில் எடுத்தாள். குழாயில் பெயர் ஒட்டினாள். அவரை அனுப்பிவிட்டு வந்து பிரேமிளாவின் முன்னால் நின்றாள்.

"எந்த வீட்டுக்கு முன்னால நிக்கும்?"

"அதான்க்கா, திரைச்சீலை தைக்கிற றுமைஸாக்கா வீடு. புருஷன் மௌத்தாகி…" பிரேமிளா ஹபீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அக்கா? என்னக்கா ஆச்சு?"

அன்று நஸீம் மஹியங்கனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஹபீலா அரைநாள் லீவு சொல்லிவிட்டு தெல்தெனிய பஸ்ஸில் ஏறினாள். பஸ் திகனயைத் தாண்டும்போது தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். கூட்டாளி வீடாக இருக்கலாம். திரைச்சீலைக்கு ஓடர் கொடுத்திருக்கலாம்.

பிரேமிளா சொன்ன ரோட்டில் ஒரு ரம்புட்டான் மரத்தடியில் கார் நின்றது. இலக்கத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பின்கதவில் அவள் கையால் வழிந்த கோடுகள் அப்படியே இருந்தன.

கதவைத் திறந்தவள் ஹபீலாவைவிட இளையவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவள் பின்னால் ஒரு சின்னப் பையன் நின்று எட்டிப் பார்த்தான்.

"நான் ஹபீலா" என்றாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் வெளிறவில்லை. மலர்ந்தது.

"தாத்தா! அல்லாஹ்வே, வாங்க, உள்ளுக்கு வாங்க!"

கூடப் பிறந்த அக்காவைக் கூப்பிடுவதுபோல் அவள் 'தாத்தா' என்று கூப்பிட்டது ஹபீலாவின் காதில் அறைந்தது. றுமைஸா கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க ஒரு நாளைக்கு வருவீங்க எண்டு அவர் சொல்லிக்கொண்டேதான் ஈந்த. நான்தான் பயந்துகொண்டு ஈந்தேன். நீங்க மனசாரச் சம்மதிச்ச எண்டு சொன்ன பொறகுதான் தாத்தா நான் ஓம்பட்டேன். இல்லாட்டி இன்னொரு பொம்பளட வீட்டுக்குள்ள நான் வருவேனா?"

"நிக்காஹ் எப்ப?"

"போன நோம்புக்கு முந்தி." றுமைஸாவின் குரல் இறங்கியது. "ஒங்களுக்கு… தெரியாதா?"

றுமைஸா நம்பமுடியாமல் தன் போனை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

"இந்தப் படமும் அனுப்பின. நீங்க, மகள், எல்லாரும் சேந்து காருக்கு சாம்பல் அடிக்கிற நேரம் எடுத்த. ஊர்வாய்க்காக கலர மாத்தச் சொன்னதே நீங்கதான் எண்டு சொன்னாரே. பாருங்க, எவ்வளவு சந்தோஷமா ஈக்கிறீங்க."

படத்தில் ஹபீலா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சாம்பல் பொட்டு. அவன் கை அவள் தோளில் இருந்தது.

நஸீம் உள்ளறையிலிருந்து வந்தான். அவன் கட்டியிருந்த சாரம் ஹபீலா ஒருநாளும் துவைத்திராத சாரம். அவளைப் பார்த்ததும் வாசலைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். அக்கம்பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்றுதான் அவன் முதலில் பார்த்தான்.

"சத்தம் போடாத. வீட்ட போய் கதைப்போம்" என்றான்.

அவள் சத்தமே போட்டிருக்கவில்லை. எழுந்து நடந்தாள். அவன் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, பஸ் ஹோல்ட்டில் "ஏறு, ஏறு புள்ள" என்று கண்ணாடியை இறக்கிக் கெஞ்சினான். அவள் பஸ்ஸில் போனாள்.

வீட்டில் அவன் அழுவான், காலில் விழுவான் என்று அவள் ஏதேதோ எதிர்பார்த்திருந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகத்தான் கதைத்தான்.

"மார்க்கத்தில இல்லாத ஒண்டயும் நான் செய்யல்ல. ஹறாமா ஒருத்தியத் தேடிப் போகல்ல. அவள் கைம்பெண், ஒரு புள்ள ஈக்கி. உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஏன் மறைச்ச?"

"சொன்னா நீ விடுவியா?"

"நிக்காஹ் செஞ்சது ஒரு பக்கம் ஈக்கட்டும். என்னக் கூப்பிட்டு வச்சு, என்ட கையாலயே டேப் ஒட்டச் சொல்லி… எனக்கு மறைக்கிறதுக்கு என்னையே வேல வாங்கினீங்களே."

அவன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். "இப்போதைக்கு யாருக்கும் சொல்லாத. றிப்தாட சோதினை முடியட்டும். ஊரு உலகத்துக்குத் தெரிஞ்சா எனக்குத் தலை நிமித்த ஏலாது" என்றான்.

அவன் ஊருக்குப் பயப்படுகிறான். அது ஒன்றுதான் ஹபீலாவின் கையில் மிஞ்சியிருந்தது.

வெள்ளிக்கிழமை நஸீம் குளித்து, வெள்ளை உடுத்து, ஜும்ஆவுக்கு நடந்தே போனான். பள்ளிவாசல் பக்கத்தில்தான். கார் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றது. ஹபீலா வேலைக்குப் போயிருக்கவில்லை. பயான், அந்த வெள்ளிப் பிரசங்கம், ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியதும் வெளியே வந்து பொனட்டின் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிளப்பினாள். தடிப்பாகப் பூச்சு விழுந்திருந்த இடம் அது. ஒரு மூலை கிளம்பியதும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முழு பொனட்டும் பாயைச் சுருட்டுவதுபோல் ஒரே விரிப்பாக வந்தது. கீழே பச்சை வெயிலில் பளீரென்று மின்னியது. கூரையிலும் அப்படியே வந்தது. கதவுகளில்தான் வரவில்லை. மெல்லிசாக அடித்திருந்த இடங்களில் ரப்பர் துண்டு துண்டாகத் தெறித்து, மிச்சம் ஒட்டிக்கொண்டே நின்றது. அவள் சுரண்டினாள். நகம் ஒன்று பிய்ந்து இரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

"உம்மா! என்ன செய்றீங்க? பைத்தியமா?" என்று றிப்தா வாசலில் நின்று கத்தினாள். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது.

"உங்கட வாப்பா தெல்தெனியவில இன்னொரு வீடு வச்சீக்கிறாரு மகள். கார் தெரியக்கூடாது எண்டுதான் நம்மள வச்சு இத அடிச்ச."

றிப்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தொழுகை முடிந்து ஆண்கள் கூட்டமாக ரோட்டில் வரத் தொடங்கினார்கள். சிலர் நின்றார்கள். பாதி பச்சையும் பாதி சாம்பலுமாகச் சொறி பிடித்ததுபோல் கார் நின்றது. ஹபீலாவின் முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது, கையெல்லாம் இரத்தம். கூட்டத்துக்குள் நஸீம் வருவதைக் கண்டதும் அவள் குரலை உயர்த்தினாள். அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

"இந்தாங்க பாருங்க! இதுதான் தெல்தெனியவில நிக்கிற கார்! இவர் அங்க நிக்காஹ் செஞ்சு ஒரு வருஷமாகப் போகுது! ஒங்கட கண்ணுக்கெல்லாம் மறைக்கத்தான் சாம்பல் அடிச்ச!"

நஸீமின் முகம் செத்துப்போயிருந்தது. அவன் உடைந்துபோவதை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் போதுமாக இருந்தது.

பள்ளி நிருவாகத்திலுள்ள வயதான ஹாஜியார் ஒருவர் முன்னால் வந்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"நிக்காஹ் முறையா நடந்ததா தம்பி?"

"ஓம் ஹாஜியார்."

"பொறகு என்னத்துக்கு ரோட்டில வச்சு சத்தம்? உள்ளுக்குப் போங்க மகள். முந்தானைய ஒழுங்கா போடுங்க" என்றார். கூட்டம் கலைந்தது. போகிறவர்களில் ஒருவன் நஸீமின் தோளில் தட்டிவிட்டுப் போனதை ஹபீலா கண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூடிக் கதைத்தார்கள். ஹபீலாவின் நானா அஸ்ஃபர் மாத்தளையிலிருந்து வந்தார். நானா என்றால் அவளுக்கு மூத்தவர், வாப்பா மௌத்தான பிறகு அவர்தான் எல்லாம். ஹாஜியாரும் வந்தார். நஸீம் செய்தது பிழை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என்ன பிழை என்றால், மறைத்தது பிழை.

"இனி ஒளிவுமறைவு இல்ல. ரெண்டு வீட்டுக்கும் நாளப் பிரிச்சு, நீதியா நடக்கணும்" என்றார் ஹாஜியார்.

"எனக்கு இவர் வேணாம் நானா" என்றாள் ஹபீலா.

அஸ்ஃபர் அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எனக்கு விளங்குது தங்கச்சி. அவன் செஞ்சது துரோகம்தான். ஆனா வீடு அவன்ட உம்மாட காணியில கட்டின வீடு. என்ட வீட்டில நாங்க ஈக்கிற நெலம உனக்குத் தெரியும். நாளைக்கு றிப்தாவுக்கு ஒரு இடம் பாக்கிறல்லயா? உம்மா வாப்பா பிரிஞ்ச வீடு எண்டா யாரு வருவாங்க? சபூர் செய்."

பொறுத்துக்கொள் என்று அவர் சொன்னார். அதைத் தவிர அவரிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை என்பது ஹபீலாவுக்குத் தெரிந்தது. அவள் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

நஸீம் பயந்தது ஒன்றுமே நடக்கவில்லை. சந்தியில் ஒரு கிழமைக்குக் கதைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த சாம்பலை அவனே ஒருநாள் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்து எடுத்தான். அதன்பிறகு அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நன்றாகத் தூங்கினான். நன்றாகச் சாப்பிட்டான். மஹியங்கனை, கம்பனி வேன் என்று பொய் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. தெல்தெனியவுக்குப் போகும் நாளில் "அங்கதான் போறேன், நாளான்டைக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டே போனான். றுமைஸாவின் பையனைப் பாடசாலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறானாம் என்பதைச் சொன்னது பிரேமிளா அல்ல. அவள் இப்போதெல்லாம் ஹபீலாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதேயில்லை. வேறு யாரோ சொன்னார்கள்.

மறைத்த காலத்திலாவது தன்னை நினைத்து அவன் பயந்திருக்கிறான் என்று ஹபீலாவுக்கு ஒருநாள் துணி காயப்போடும்போது தோன்றியது. அந்தப் பயத்தையும் தானே உரித்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

றிப்தா கொஞ்ச நாள் வாப்பாவோடு பேசாமல் இருந்தாள். பரீட்சை நெருங்கியது. வகுப்புகளுக்குக் கண்டிக்குப் போகவேண்டும், மழைக்காலம், பஸ் நெரிசல். வாப்பா கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஒருநாள் ஏறினாள். பிறகு அடிக்கடி ஏறினாள்.

ஒரு காலை நேரம் நல்ல மழை. நஸீம் தெல்தெனியவில் இருக்கும் நாள். ஹபீலாவும் றிப்தாவும் ஒரு குடைக்குள் பஸ் ஹோல்ட்டில் நின்றார்கள். வந்த பஸ் எல்லாம் வாசல்வரை நிறைந்து, நிற்காமலே போயிற்று. வேலைக்கு ஏற்கனவே பிந்திவிட்டது. அப்போது தெல்தெனியப் பக்கமிருந்து கிளிப்பச்சைக் கார் வந்து அவர்களுக்கு முன்னால் நின்றது. நஸீம் உள்ளிருந்து, "ஏறுங்க, ஏறுங்க. றுமைஸாட மகனுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில கிளினிக். அங்கதான் போறோம்" என்றான், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வதுபோல்.

ஹோல்ட்டில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். முன் இருக்கையிலிருந்த றுமைஸா அவசரமாகக் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினாள்.

"நீங்க முன்னுக்கு ஈங்க தாத்தா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. அவளும் நனைந்துகொண்டிருந்தாள்.

றிப்தா குடையை மடக்கிக்கொண்டு பின்பக்கம் ஏறிவிட்டாள். பையன் நகர்ந்து இடம் விட்டான். றிப்தாவும் அவனும் ஒன்றாகப் போவது அது முதல் தடவையல்ல என்பது அவன் நகர்ந்த விதத்தில் தெரிந்தது. றுமைஸா இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. ஹோல்ட்டிலிருந்த ஒரு சிங்களக் கிழவி, "நகின்ன துவே, தெமெனவா" என்றாள், ஏறு மகளே, நனைகிறாய் என்று, இரக்கத்தோடு.

ஹபீலா ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. நஸீம் நிதானமாக, எல்லா வேலையும் சரியாக நடக்கும் ஒரு மனிதனைப்போல ஓட்டினான். குண்டசாலை நெருங்கியது. அவள் வேலை செய்யும் நிலையத்துக்கு இன்னும் ஒரு வளைவு இருந்தது.

"இங்கயே நிப்பாட்டுங்க" என்றாள் ஹபீலா.

"மழை பெய்யுதே. வாசலில விடுறேன்."

"வேணாம். இங்கயே. யாரும் காண முந்தி."

அவன் நிறுத்தினான். அவள் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, மதிலோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.